பெயர் சேர்த்தல்

படிவத்தில் மற்ற எல்லாக் கட்டங்களையும் மூக்கையா வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். பிறந்த தேதி, பிறந்த இடம், தாயின் பெயர் முத்துப்பேச்சி, தந்தையின் பெயர் மூக்கையா, கதவு எண், தெரு, கைபேசி எண். அடித்தல் திருத்தல் கிடையாது. பதினோரு வருஷமாக அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் பெயர்களை அடித்து அடித்து அவனுடைய கையெழுத்தும் அச்சு மாதிரியே ஆகிவிட்டது என்று பேச்சி சொல்வாள். குழந்தையின் பெயர் என்று போட்டிருந்த கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நகராட்சி அலுவலகத்தின் பின்பக்க வராந்தாவில், பிறப்பு இறப்புப் பதிவு என்று எழுதிய பலகைக்கு எதிரே, இரும்பு நாற்காலி வரிசையில் கடைசிக்கு முந்தின நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். டோக்கன் முப்பத்து நாலு. உள்ளே இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஏழு பேர். அந்த ஏழு பேர் முடிவதற்குள் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும். எழுதாமல் திரும்பிப் போகவும் வழியில்லை. வருகிற வியாழக்கிழமை குழந்தைக்கு ஒரு வயசு நிறைகிறது, அதற்குள் பெயரைச் சேர்த்துவிட்டால் சுலபம், தாண்டினால் அலைச்சல்தான் என்று தடுப்பூசி போடுகிற இடத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேச்சி அலைச்சலுக்காகச் சொல்லவில்லை. காலையில் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே, “பேரில்லாம அவ ஒரு வயசத் தாண்டக் கூடாதுங்க” என்றாள். “என்ன பேருன்னாலும் சரி. உங்க இஷ்டம். எழுதிட்டு வந்துருங்க.” உங்க இஷ்டம் என்று அவள் சொன்னது அவன் அடிவயிற்றில் போய் விழுந்து இன்னும் அங்கேயே கிடந்தது.

எதிரே இருந்த பலகையைப் பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பினான். திருப்பினாலும் கண் தானாகப் போய் அதில்தான் ஒட்டியது. தொழில் புத்தி. பிறப்பு, இறப்பு. ஒரே எழுத்து அளவு, ஒரே கறுப்பு, நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிகூடச் சரியாக விடவில்லை, நெருக்கிப் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. பி, இ. பிறப்பிலிருந்து அந்த ஒரு மெய்யை உருவி எடுத்துவிட்டால் உயிர் மட்டும் தனியாக நிற்கும், உடனே அது இறப்பு ஆகிவிடும். ஐந்தாம் வகுப்பில் படித்த மெய்யெழுத்து, உயிரெழுத்து. இத்தனை வருஷம் தோன்றாதது இன்றைக்கு இங்கே வந்து உட்கார்ந்ததும் தோன்றுகிறது. தோன்றுகிறதே, எதற்காக இன்றைக்குத் தோன்றுகிறது? சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்தான். காலையில் கிளம்பும்போது குழந்தையின் நெற்றி லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. அது காய்ச்சலே இல்லை என்று பேச்சி சொன்னாள். காய்ச்சல் இல்லை என்றால் நேற்று ஏன் சுடவில்லை, முந்தாநாள் ஏன் சுடவில்லை, பெயர் எழுதப் போகிற நாள் பார்த்து ஏன் சுட வேண்டும்? பதினோரு மாசமாக ஒரு தும்மல் கிடையாது. பாப்பா என்றும் குட்டி என்றும் ஏய் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையில் முத்துப்பேச்சி பேபி என்றுதான் எழுதியிருந்தார்கள். அது ஒரு பெயரே இல்லை. யாராவது தேடிக்கொண்டு வந்தாலும் அந்தப் பட்டையை வைத்துக்கொண்டு இன்னார் என்று கண்டுபிடிக்க முடியாது. யார் தேடிக்கொண்டு வருவது? அவன் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, “இருபத்தேழு” என்று உள்ளேயிருந்து வந்த குரலைக் கவனித்தான்.

மூத்தவளுக்குப் பெயர் தேட அவன் இரண்டு மாசம் எடுத்துக்கொண்டான். அச்சகத்துக்கு வருகிற பெயர்களில் எது பிடித்திருந்தாலும் ஒரு பழைய டைரியில் குறித்து, எதிரே அர்த்தத்தையும் எழுதி வைப்பான். நறுமுகை. மணமுள்ள மொட்டு. அதைப் பேச்சியிடம் சொன்னபோது அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, நல்லா இருக்கு, ஆனா பெரியம்மாவுக்கு வாயில நுழையாது என்று சிரித்தாள். பிறந்த முப்பதாம் நாள் பெயர் சூட்டு விழா என்று அழைப்பிதழை அவனே வடிவமைத்தான். ரோஸ் நிற அட்டை, மேலே ஒரு மொட்டு, நடுவில் தங்க எழுத்தில் நறுமுகை. ‘று’வின் சுழி மொட்டின் காம்போடு போய்ச் சேருகிற மாதிரி ஒரு முழு மதியம் உட்கார்ந்து இழுத்து வைத்தான். இருநூறு அட்டை. இருபதாம் நாள் அச்சடித்தான். இருபத்து மூன்றாம் நாள் காலையில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை வாயை எடுத்துவிட்டு நீலமாகிப் போனது. எந்தப் பெயர் வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், இப்படியும் ஒருவன் யோசிப்பான் என்று? பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று மட்டும்தான் சொன்னார். மூக்கையாவுக்கு அது புரிந்தது. படித்தவன், புரியாமல் என்ன. ஆனால் புரிவது ஒரு இடத்தில் இருந்தது, இருநூறு அட்டை வேறொரு இடத்தில் இருந்தது. அச்சடிக்காமல் இருந்திருந்தால்? அச்சடித்தாலும் முப்பதாம் நாளுக்கு அப்புறம் அடித்திருந்தால்? மொட்டு என்று அர்த்தம் வருகிற பெயரை ஏன் எடுத்தேன்? மலர் என்று வைத்திருக்கலாமே. கனி என்று வைத்திருக்கலாமே. மொட்டு என்று சொல்லிச் சொல்லி மொட்டாகவே போய்விட்டது. அந்தச் சுழியை இழுத்து வைத்த மதியம் ஞாபகத்துக்கு வந்தால் இப்போதும் வலது கை ஆள்காட்டி விரல் மரத்துப் போகும். இப்போதும் மரத்தது. படிவத்தை மடியில் வைத்துவிட்டு விரலைப் பிசைந்து கொடுத்தான்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. லாரிக்கு மூட்டை ஏற்றுகிற மனுஷன், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. மூக்கையாவுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண், ஒன்றுகூட ஆறு மாசத்தைத் தாண்டவில்லை. மூன்றுக்கும் சாமி பெயர்கள், நல்ல நல்ல பெயர்கள். நாலாவதாக இவன் பிறந்த அன்றைக்கு அப்பாவே இவனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குப்பைமேட்டில் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாராம். பின்னாலேயே அடுத்த வீட்டுக்காரி போய் எடுத்து வந்து, குப்பையில் கிடந்தது, வேணுமா என்று கேட்க, ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டாராம். மறுநாள் ஆசாரியைக் கூட்டி வந்து வலது மூக்கில் கம்பி போட்டு, மூக்கையா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, மூக்குக் குத்தின பிள்ளை, இது நம்ம பிள்ளை இல்லை, இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய் என்று எவரிடமோ சொல்கிற மாதிரி. அந்த எவரோ யார் என்று அப்பா ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது கணக்கு வாத்தியார், “மூக்கு வந்திருக்கா?” என்பார். வகுப்பே சிரிக்கும். வகுப்பில் ஒரு குப்பம்மாள் இருந்தாள், ஒரு போதும்பொண்ணு இருந்தாள். அவர்களும் சிரிப்பார்கள், அதுதான் அவனுக்குத் தாங்காது. போதும்பொண்ணு தன் பெயரை அவள் அப்பா அம்மாவின் சலிப்பு என்று நினைக்கவில்லை, போதும் என்றால் நிறைவு என்று டீச்சர் சொன்னார்கள் என்பாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ. அந்தப் பெயரோடுதான் இருக்கிறாளா, மாற்றிக்கொண்டாளா?

மாற்றிக்கொள்ள அவனும் பார்த்தான். பத்தொன்பது வயசில், அரசிதழில் பெயர் மாற்றத்துக்கான படிவத்தை வாங்கி, முகிலன் என்று நிரப்பியும் வைத்துவிட்டான். மூ குறுகி மு என்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று. அப்பாவிடம் காட்டியபோது அவர் படிவத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா இருக்காடா?” என்று கேட்டார். “நல்லா இருக்குப்பா.” “நல்லா இருந்தா கண்ணுல படும்டா” என்று சொல்லிவிட்டு, அப்புறம் மெதுவாக, “மாத்திக்க. நான் போனதுக்கு அப்புறம் மாத்திக்க” என்றார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் மாற்றிக்கொள்ளவில்லை. ஏண்டா என்று சிநேகிதர்கள் கேட்டால் சர்டிபிகேட் எல்லாம் மாத்தணுமே, யாரு அலையுறது என்பான். இப்போது, இந்த இரும்பு நாற்காலியில், பக்கத்தில் யாரோ வாழைப்பழத் தோலை விட்டுப் போயிருந்த அந்த வாடையில், அது பொய் என்று அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அலைச்சல் இல்லை. பயம். மூக்கையா என்கிற பெயருக்குள் பதுங்கியிருந்தவன், வெளியே தலையை நீட்டப் பயந்துபோய்த்தான் அப்படியே இருந்திருக்கிறான். இருந்துகொண்டு மகளுக்கு மட்டும் அவ்வளவு அழகான பெயரைத் தங்க எழுத்தில் போட்டு இருநூறு பேருக்குக் காட்டப் பார்த்தான். தனக்கு ஒரு மறைப்பை வைத்துக்கொண்டு அவளை வெட்டவெளியில் நிறுத்தியவன். உள்ளங்கை வியர்த்து, படிவத்தின் ஓரம் நெளிந்தது. கசங்கிவிடப் போகிறது. கசங்கினால் வேறு படிவம் வாங்க வேண்டும், முதலிலிருந்து எழுத வேண்டும், மறுபடியும் அந்தக் கட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

“தம்பிக்கு என்ன நம்பர்?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். எழுபது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை. “முப்பத்து நாலு, அண்ணாச்சி.” “எனக்கு முப்பத்து மூணு. ஆறு மாசமா இங்கதான் வந்து போயிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுக்காரி தவறிட்டா. சர்டிபிகேட்டுல புருஷன் பேரு பரமசிவன்னு போட்டுட்டாங்க. நான் பரமசிவம். ஒரு எழுத்து. ‘ன்’னா வேற ஆளாம், ‘ம்’னா வேற ஆளாம். அம்பது வருஷம் கூட இருந்தவன் நானு, அந்தப் பரமசிவன் யாருன்னே எனக்குத் தெரியாது.” அவர் சிரிப்பார் என்று மூக்கையா எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. அச்சகத்தில் தான் விட்ட எழுத்துப் பிழைகள் எல்லாம் அவனுக்கு வரிசையாக வந்து நின்றன. மாப்பிள்ளையின் பெயரில் கொம்பு விட்டுப்போன கல்யாணப் பத்திரிகை, தங்கையின் பெயர் அக்காளுக்குப் போன கிரகப்பிரவேசம். ஓர் எழுத்தில் ஒரு மனுஷன் வேறு ஆளாகிவிடுகிறான் என்றால், பெயர் ஆளோடு அவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்பா சொன்னது சரிதானே? “உங்களுக்கு என்ன சோலி?” என்றார் பெரியவர். “பாப்பாவுக்குப் பேரு சேக்கணும்.” “நல்லது. என்ன பேரு?” மூக்கையா வாயைத் திறந்தான். அவர் காத்திருந்தார். இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக, “அது வந்து… வீட்டுல வச்சிருக்காங்க” என்று உளறினான். பெரியவர் அவன் மடியில் கிடந்த படிவத்தின் வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், தன்னிடம் சொல்ல விருப்பமில்லை போல என்று நினைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அப்போது போன் அதிர்ந்தது. நெஞ்சுக்கு மேலேயே இருந்ததால் நெஞ்சே அதிர்ந்த மாதிரி இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு அதிர்வு, மூன்று அதிர்வு. பேச்சி இந்த நேரத்தில் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால் ஒரு காரணத்துக்குத்தான் கூப்பிடுவாள். தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. அன்றைக்கும் இப்படித்தான் அச்சகத்தில் இருந்தபோது போன் வந்தது, அன்றைக்கும் முதலில் எடுக்காமல் கையிலிருந்த தாள் கட்டிங் முடிந்ததும் எடுத்தான். போனை வெளியே எடுத்துப் பார்த்தால் நாச்சியப்பன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டவன். “அண்ணே, எங்க பெரியப்பா போஸ்டர்ல திருன்னு இருக்கு. தெய்வத்திருன்னு மாத்தணும். அப்புறம் பேருக்குப் பின்னாடி பட்டத்தையும் சேத்துருங்க, சொந்தக்காரங்க கோவிச்சுக்கிடுறாங்க.” “சாயங்காலம் மாத்தித் தாரேன்.” “மறந்துராதீங்க, வாலு இல்லாம வந்துறப் போகுது.” போனைப் பைக்குள் போட்டான். உயிரோடு இருந்தால் திரு, இல்லாவிட்டால் தெய்வத்திரு, பின்னால் ஒரு சாதி வால், முன்னால் ஒரு இனிஷியல். அவன் வீட்டில் வால் கிடையாது. அப்பாவின் முதலெழுத்து மட்டும்தான். துபாய்க்குப் போன அவன் சிநேகிதன் சுடலைமுத்துவிடம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் எது என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லையே என்று அப்பா பெயரை எழுதிவிட்டான், இருளப்பன் என்று. அங்கே எல்லாரும் அவனை இருளப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். “எங்கப்பாவை யாரோ கூப்பிடுறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்டா” என்று சொன்னான். அப்படியென்றால் பாப்பாவும் பெரியவளாகி எங்காவது போனால் அங்கே இவளை மூக்கையா என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டுமே. அது நல்லதுதானே? அந்தப் பெயர் முன்னால் நின்று மறைத்துக்கொள்ளுமே. என்னென்ன கணக்குப் போடுகிறது இந்த மண்டை என்று அவனுக்கே கூசியது. பேசாமல் குப்பம்மாள் என்று எழுதிவிட்டால் என்ன? ஆறு எழுத்து. உடனே வகுப்பறை, உடனே வாத்தியார், உடனே சிரிப்பு, சிரிப்புக்கு நடுவில் பேச்சியின் முகம். என்ன பேருன்னாலும் சரி என்றாளே, இதற்கும் சரி என்பாளா? பேனாவைத் திறந்தான். மூடினான். அழகான பெயர் என்றால் கண்ணில் படும், அசிங்கமான பெயர் என்றால் அவள் வாழ்க்கை முழுக்கச் சுமப்பாள், சாதாரணமான பெயர் என்றால், சாதாரணமான பெயர் என்று ஒன்று உண்டா, ஒவ்வொன்றுக்கும் டைரியில் ஒரு அர்த்தம் இருக்கிறதே, எந்த அர்த்தம் எப்போது திரும்பிக் கடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

“முப்பத்து நாலு.” பெரியவர் கையில் ஒரு தாளோடு வெளியே வந்துகொண்டிருந்தார், வாசலில் நின்று அதை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தார். மூக்கையா அவரைத் தாண்டி உள்ளே போனான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். படிவத்தை வாங்கி ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார். “கையெழுத்து நல்லா இருக்கே சார்” என்றவர், “பேரு எழுதலயே?” என்றார். “எழுதணும்.” “சொல்லுங்க, நான் நேரா அடிச்சிருதேன்.” விசைப்பலகையின் மேல் அவருடைய பத்து விரல்களும் காத்து நின்றன. அவன் தலைக்குள் டைரியின் பக்கங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன, ஒன்றும் கையில் சிக்கவில்லை, நாக்கு மட்டும் அதற்குத் தெரிந்த ஒரே வழியில் தானாகப் போனது. “நறு…” என்றது. அம்மாளின் விரல் ‘ந’வைத் தட்டியது. திரையில் அந்த எழுத்து வந்து நின்றதை அவன் பார்த்தான். “இல்ல!” என்று கத்திவிட்டான். “அது இல்ல. அத எடுத்துருங்க மேடம். அத எடுத்துருங்க.” உள்ளே உட்கார்ந்திருந்த இன்னொரு ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாள் அந்த எழுத்தை அழித்தார். அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தணித்துக்கொண்டு, “வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க சார். ஓரமா நின்னு பேசுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி வந்தாப் போதும்” என்றார்.

மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த மூலைக்குப் போய்ப் பேச்சியைக் கூப்பிட்டான். “ஏங்க, முடிஞ்சுருச்சா?” “பாப்பா எப்படி இருக்கா?” “இருக்கா. லேசா சூடு இருக்கு. கீழ ஒரு பல்லு வெள்ளையா எட்டிப் பாக்குது, அதுக்குத்தான் இருக்கும்.” பின்னால் குழந்தை கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிற சத்தம் டண் டண் என்று கேட்டது. “பேச்சி, என்னால முடியல” என்றான். தட்டு மட்டும் சத்தம் போட்டது. “நீங்க கோவிக்கக் கூடாது” என்றாள் பேச்சி. “நான் வச்சுட்டேன்.” “என்னத்த?” “பேரு. அவ பொறந்த அன்னிக்கே வச்சுட்டேன்.” அவன் உடைந்த நாற்காலி ஒன்றின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் அவசரமில்லாமல் சொன்னாள். “பிரசவ ரூம்ல சகாயராணின்னு ஒரு நர்சம்மா இருந்தாங்க. காலைல இருந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. சாப்பிடக்கூடப் போகல. மூத்தவளுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். நான் வலியில எங்கம்மாவையும் கூப்பிடல, உங்களையும் கூப்பிடல, சகாயராணி சகாயராணின்னு அவங்க பேரச் சொல்லித்தான் கத்துனேன். இவ வெளிய வந்தப்ப அந்த ரூம்ல அந்தப் பேருதாங்க இருந்துச்சு. இவ அழுகுறதுக்கு முன்னாடி கேட்டது அதத்தான். அப்புறம் நான் வேற என்னன்னு கூப்பிட? நீங்க வேலைக்குப் போனதும் அப்படித்தான் கூப்பிடுவேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டா பாப்பான்னு மாத்திக்கிடுவேன்.”

“பதினோரு மாசமாவா?” “ஆமா.” பதினோரு மாசம். முந்நூற்றுச் சொச்சம் நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வெட்டவெளியில், பட்டப்பகலில், அவன் அச்சகத்தில் உட்கார்ந்து காக்கிறேன் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம். அவனுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, நடந்து முடிந்த விபத்தைக் கேள்விப்படுகிற மாதிரி ஒரு குலை நடுக்கம். “ஒனக்குப் பயமா இல்லையா பேச்சி?” “பயமில்லாமயா? மொத மாசம் ஒவ்வொரு தடவ கூப்பிட்டதும் மூச்சு வருதான்னு அவ மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாப்பேன். உங்ககிட்டச் சொன்னா நீங்க செத்துருவீங்க. அதான் சொல்லல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பழகிருச்சு. இன்னும் முழுசாப் பழகல.” “சகாயம்னா உதவின்னு அர்த்தம்” என்றான் அவன், தன்னை அறியாமல், டைரியில் எழுதுகிற மாதிரி. “இருக்கட்டும். எனக்கு அர்த்தமெல்லாம் தெரியாது. கூப்பிட்டாத் திரும்புறா. பாக்குறீங்களா?” அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சகாயராணி” என்றாள். தட்டுச் சத்தம் நின்றது. சட்டென்று நின்றது. அவன் காதில் ஒன்றுமே இல்லை. மூச்சு இல்லை, கரண்டி இல்லை, தெரு இல்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று பிற்பாடு அவனால் சொல்ல முடிந்ததில்லை. இரண்டு நொடி இருக்கும், அவ்வளவுதான் இருக்கும். அப்புறம் குழந்தை ‘ங்கா’ என்று எதையோ கேட்டது, டண் டண் என்று மறுபடியும் தட்டு ஆரம்பித்தது. “பாத்தீங்களா?” என்றாள் பேச்சி. அவள் குரலும் சரியாக இல்லை. “வேற பேருதான் வேணும்னாலும் எழுதுங்க. ஆனா எதையாச்சும் எழுதிட்டு வாங்க. என்னால தனியாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க முடியல.”

நின்றபடியே சுவரில் வைத்து எழுதினான். சுவர் சொரசொரப்பு, முதல் தடவையாக அவன் எழுத்து கோணியது. ‘ணி’யின் சுழி கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. திருத்தவில்லை. உள்ளே அந்த அம்மாள் படிவத்தை வாங்கிப் பார்த்து, அப்பா பெயரை, அம்மா பெயரை, குழந்தை பெயரை ஒருமுறை விரலால் தொட்டு வந்தார். “மதம் மாறிட்டீங்களா சார்?” என்று கேட்டார். கேட்பார்கள். இனி எல்லா இடத்திலும் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டில், பெண் பார்க்க வருகிறவர்கள்கூட. “இல்ல மேடம். ஒருத்தங்க பேரு.” “சொந்தமா?” அவன் யோசித்தான். “ஆமா” என்றான். “இனிஷியல் ‘மூ’ போடட்டா?” “போடுங்க.” விசைகள் தட்டத் தட்ட அவனுக்கு வயிறு இறுகிக்கொண்டே போனது. அச்சடிக்கிற இயந்திரம் ஓரத்தில் பச்சை விளக்கோடு காத்துக்கொண்டிருந்தது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. அது அப்பாவின் குரலா தன் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “இப்பத்தான் ஒரு எழுத்துக்காக ஒரு பெரியவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். நான் வாசிக்கிறேன், காதுல வாங்கிக்கிடுங்க, தப்பு இருந்தாச் சொல்லுங்க” என்று அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கே உரிய ஏற்ற இறக்கமில்லாத உரத்த குரலில் வாசித்தார். “குழந்தையின் பெயர், மூ. சகாயராணி. பாலினம், பெண்.”

அந்தப் பெயர் அறை முழுக்கப் போய் வராந்தாவையும் தொட்டது. மூக்கையா சட்டென்று பின்னால் திரும்பினான். ஜன்னல், அதற்கு அப்பால் வேப்பமரம், வேப்பமரத்துக்குக் கீழே யாருடைய சைக்கிளோ. வராந்தாவில் அடுத்த நம்பர்க்காரி கொட்டாவி விட்டாள். உள்ளே இருந்த ஊழியர் டிபன் பாக்ஸின் மூடியைத் திருகித் திறந்துகொண்டிருந்தார். ரசத்தின் வாசனை வந்தது. மின்விசிறி அதன் பாட்டுக்குச் சுற்றியது. யாரும் எழுந்திருக்கவில்லை, யாரும் குறித்துக்கொள்ளவில்லை, யாரும் எங்கே அவள் என்று கேட்கவில்லை. அவனுடைய வயிறு தளரவில்லை, இறுகியபடிதான் இருந்தது. இன்றைக்கு மட்டுமில்லை, நாளைக்கும் அது இறுகித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. பேச்சிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும், ஒவ்வொரு தடவையும், அப்படியும் கூப்பிட்டாளே. உதடு காய்ந்திருந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான்.

“சரியா இருக்கா சார்? பிரிண்ட் குடுத்துரட்டுமா?”

“இன்னொரு தடவ வாசிங்க மேடம்” என்றான் மூக்கையா. “கொஞ்சம் சத்தமா.”